ஞாயிற்றுக்கிழமைச் சங்கு

பயணம் என்றாலே எனக்குப் பயம். ஆவடியில் ஆலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலத்தில், ஊருக்குப் போவதென்றால் இரண்டு நாள் முன்பே டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்துவிடுவேன். கிளம்பும் நாளில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. வழியில் எங்கே ஒதுங்குவது? ஊருக்குப் போகிறாயா, விரதம் இருக்கிறாயா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அந்த முறை கேலி இல்லை. அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார், பெரியவளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று திருநெல்வேலியிலிருந்து அம்மா எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை ரயில். அவருக்கு அன்று ஓவர்டைம். டிக்கெட்டைக் கையில் கொடுத்து, மூன்றரைக்குக் கிளம்பினால் எழும்பூருக்கு நிதானமாகப் போய்விடலாம் என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே போய்விட்டார்.

வீட்டில் இருந்த ஒரே கடிகாரம் அவர் மணிக்கட்டில். அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. குவார்ட்டர்ஸில் உலை வைப்பது முதல் விளக்கேற்றுவது வரை எல்லாம் ஆலைச் சங்கைக் கேட்டுத்தான். மூன்றரைக்கு ஷிப்ட் மாறும்போது ஊதும். ஊதியதும் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

சேலையை மாற்றிக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்தேன். மழை மூட்டம், வெயிலை வைத்து மணி சொல்ல வழியில்லை. டிக்கெட் இருக்கிறதா என்று சுருக்குப்பையைத் திறந்து திறந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் காலையிலிருந்து இரண்டு முறை மணி கேட்டாயிற்று. மூன்றாவது முறை கேட்க வெட்கமாக இருந்தது. நேரம் போகவே மாட்டேன் என்கிறதே என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கொடியில் துணி எடுக்க வந்த அக்கா, திறந்த கதவு வழியே என்னைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"இன்னாம்மா, இன்னும் ஊட்லயே கீறே? மணி அஞ்சாவுது."

சங்கு ஊதவில்லையே என்றேன்.

"நாய்த்துக்கெயமை எவன் ஊதுவான்?"

அவர் வேலைக்குப் போயிருந்ததால், சங்குக்கு அன்று லீவு என்பதே எனக்குத் தோன்றவில்லை. ஓடினேன். லோக்கல் ரயிலில் உட்காரக்கூட மனம் வராமல் வாசலிலேயே நின்றேன். எழும்பூரில் பிளாட்பாரம் காலியாகிவிட்டிருந்தது. அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் ரயிலேறி, செவ்வாய்க்கிழமை காலையில்தான் போய்ச் சேர்ந்தேன். அப்பாவின் கண் திறந்திருந்தது, பேச்சு இல்லை.

"நேத்து மத்தியானம் வரைக்கும் ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டே கெடந்தாவ. சாயங்காலந்தான் வாய் நின்னுபோச்சு" என்றாள் அம்மா.

ஏன் நேற்றே வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. அப்பா இன்னும் பதினோரு நாள் இருந்தார். கஞ்சி ஊட்டும்போதெல்லாம், நான்தான் வந்திருக்கிறேன் என்று அவர் காதருகே சொல்லிப் பார்த்தேன். அவர் வாசலிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.