அத்தானின் நிறம்

2025 மார்ச் 15, சனிக்கிழமை. காலை 5.40-க்கு எழுந்தேன். தேக்கா சந்தையில் ஒரு கிலோ வஞ்சிரம், இரண்டு கட்டு முருங்கைக்கீரை. எட்டரைக்குள் வீடு திரும்பி, வாரத்துக்கான ஐந்து சட்டைகளையும் இஸ்திரி போட்டேன். சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை; சொந்த வேலைகளுக்குச் சனிக்கிழமைதான். ஒன்றே முக்காலுக்கு லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் அக்காவைச் சந்தித்தேன். பட்டுப்புடவையில் வந்திருந்தார்.

"ஒத்திகைக்கு எதுக்குக்கா பட்டு?"

"அவரைப் பாக்கத்தானே போறோம்."

அக்காவின் கணவரான அத்தான் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பகலில் துவாஸில் கப்பல் பட்டறை வெல்டர். வார இறுதிகளில் மெல்லிசைக் குழுவில் முதல் பாடகர், முப்பது ஆண்டுகள். மார்ச் 23 அன்று நடக்கும் குழுவின் ஆண்டு விழாவில் அவரை ஹாலோகிராமாக மேடையேற்ற வேண்டும், பழைய ஒலிப்பதிவுக்கு வாத்தியக்காரர்கள் நேரில் வாசிப்பார்கள் என்று செயலாளர் கேட்டிருந்தார். பஃபலோ சாலையில் பூக்கடை வைத்திருப்பவர். அனுமதிப் படிவத்தின் நான்கு பக்கங்களையும் வரிவரியாக நான் விளக்கிய பிறகுதான் அக்கா கையெழுத்திட்டார்.

ஒத்திகை நடந்த அரங்கில், மேடையின் முன்னால் மெல்லிய வலைத்திரை கட்டியிருந்தார்கள். விளக்குகள் அணைந்தன. அத்தான் நின்றார். வலது கையில் மைக், இடது கை விரல்கள் தொடையில் தாளம் போட்டன. குரலும் அவருடையதுதான். முகமோ நல்ல கோதுமை நிறம். கழுத்தும் கைகளும்கூட.

பாட்டு முடியும்வரை அக்கா அசையவில்லை. பிறகு கேட்டார்: "யாரு இவரு?"

"என்னக்கா, அண்ணன்தான்! பத்து வயசு குறைஞ்ச மாதிரி இல்ல?" என்றார் செயலாளர்.

"சோப்பு விளம்பரத்துல நிக்கிற ஆளு மாதிரி இருக்காரு. என் வீட்டுக்காரர் கறுப்பு."

கணினி முன்னால் இருந்த தொழில்நுட்பப் பெண் எழுந்து வந்தார். முப்பது வயதிருக்கும். பணிவாகத்தான் பேசினார். "ஆன்ட்டி, இந்த ஸ்க்ரீன்ல வெளிச்சம் மட்டும்தான் தெரியும். டார்க் கலர் எல்லாம் கண்ணாடி மாதிரி ஆயிடும். அதான் ஸ்கின்னை கொஞ்சம் பிரைட் பண்ணிட்டோம்."

"அவரோட நிறத்துலயே ஒரு தடவை போடுங்க," என்றேன்.

போட்டார். வெள்ளைச் சட்டை பளிச்சென்று நின்றது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பின்னாலிருந்த டிரம்ஸ் தெரிந்தது.

"பாத்தீங்களா தம்பி, சட்டை மட்டும் பாடுது!" என்றார் செயலாளர். வாத்தியக்காரர்கள் சிரித்தார்கள். அத்தானோடு வருடக்கணக்கில் ஒரே பொட்டலத்தில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிட்டவர்கள்.

அக்கா எழுந்து நின்றார். "முப்பது வருஷம் இதே மேடையில நின்னாரு. அப்ப உங்க கண்ணுக்கெல்லாம் தெரிஞ்சாரு இல்ல?"

சிரிப்பு நின்றது. செயலாளர் மட்டும் விடவில்லை. "டிக்கெட் எல்லாம் போயாச்சுக்கா. போஸ்டர் ஒட்டியாச்சு. நீங்கதானே சைன் பண்ணீங்க? கலர் கரெக்‌ஷன்னு மூணாம் பக்கத்துல இருக்கு லா. தம்பி படிச்சிருப்பாரே."

படித்திருந்தேன். வேட்டி சட்டைக்கும் விளக்குக்கும் சொன்னது என்று எண்ணி, அந்த வரியைக் கேள்வி கேட்காமல் தாண்டியிருந்தேன். அடுத்தவர் சரக்குப் பட்டியலில் ஓர் எழுத்துப் பிழையைக்கூட விடாதவன், சொந்த அக்காவின் படிவத்தில் விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் அத்தானைப் பார்த்ததே இல்லை. பார்த்தவர்கள்தான் இதைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். கறுத்த மனிதரைக் காட்ட முடியாத ஒரு கருவியை வாடகைக்கு எடுத்து, தமிழ்ப் பாடகர் ஒருவரைத் தமிழர்களுக்குக் காட்டப் புறப்பட்டார்கள். காட்ட முடியாது என்று தெரிந்ததும் கருவியை வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, மனிதரை மாற்றிவிட்டார்கள். உயிரோடு இருந்திருந்தால் மாற்ற விட்டிருப்பாரா? இறந்தவர் வாய் திறக்க மாட்டார் என்ற துணிச்சல்தானே இது? அதற்குப் பெயர் அஞ்சலியாம்.

ரயிலில் அக்கா வீட்டுக்குத் திரும்பினோம். வந்ததும் படிவத்தின் நகலை எடுத்து மறுபடி வாசித்தேன். விழாவுக்கு ஒரு வாரம் முன்புவரை எழுத்து மூலம் அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்று நான்காம் பக்கத்தில் இருந்தது. அப்படியானால் நாளையே கடைசி நாள்.

"பாட்டையும் நிறுத்திடலாமா?" என்று கேட்டேன்.

அக்கா சொன்னார்: "குரல்ல அவங்க கை வைக்கலயே. அது கேக்கட்டும். உருவம் வேணாம்."

அதையே இரண்டு வரிகளில் எழுதினேன். புடவைகூட மாற்றாமல் கையெழுத்திட்டார்.

மார்ச் 16, ஞாயிறு. காலை 7.05-க்கு, செயலாளர் பூக்கடையின் ஷட்டரைத் தூக்கும்போதே கடிதத்தை அவர் கையில் கொடுத்து, நகலில் நேரம் குறித்துக் கையெழுத்து வாங்கினேன்.