நான் பார்க்காத படத்துக்குப் போட்ட மதிப்பெண்

முப்பத்துநான்கு ஆண்டுகள் கல்லூரியில் கணிதம் கற்பித்தேன். அதில் பாதிக்காலம் தலைமைத் தேர்வாளர் வேலையும் பார்த்தேன். காப்பி அடித்தவர்களைப் பிடிப்பதில் எனக்குப் பெயர் உண்டு. இருவருடைய விடையும் சரியாக இருந்து ஒன்றாக இருந்தால் அதில் ஒன்றுமில்லை. இருவருடைய தவறும் ஒன்றாக இருந்தால், ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கிறார். இந்த விதியை வைத்துக்கொண்டு எத்தனையோ பிள்ளைகளை நிற்கவைத்திருக்கிறேன். எழுபத்திரண்டாம் வயதில் அதே விதியில் நானே மாட்டிக்கொண்டேன்.

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மன்னார்குடி வீட்டில் மூன்று மாதம் கட்டிலோடு கிடந்தபோது ஆரம்பித்தது இது. மனைவி போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் டிவிக்கு ஏதோ சந்தா கட்டியிருந்தான். ஒரு மத்தியானம் ரிமோட்டில் கைபட்டு ஒரு ஜப்பானிய அனிமே தொடர் ஓட ஆரம்பித்தது. குழந்தைகள் பார்க்கும் பொம்மைப் படம் என்று நிறுத்தப் போனேன். நிறுத்தவில்லை. ஆறு பாகம் முடிந்த பிறகுதான் காபி குடிக்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது.

பிறகு போனில் ஒரு குழுவில் சேர்ந்தேன். தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் என்று டெல்டா முழுவதிலிருந்தும் அனிமே பார்க்கிறவர்கள் அதில் இருந்தார்கள். ஆசிரியர்கள், மருந்துக்கடைக்காரர்கள், வலங்கைமான் பக்கம் டிராக்டர் ஓட்டுகிற ஒருவர். வயதில் நான்தான் மூத்தவன். எல்லோரும் ‘சார்’ என்றார்கள். ஓய்வு பெற்ற பிறகு கேட்காமல் போயிருந்த சொல் அது.

குழுவுக்கு இரண்டு சட்டங்கள். முழுதும் பார்த்தவர்தான் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடலாம். அடுத்தது, ஒருவரோடு மாறுபட வேண்டுமென்றால் முதலில் அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘சரியா?’ என்று கேட்க வேண்டும். அவர் ‘சரி’ என்ற பிறகுதான் உங்கள் மறுப்பு. இதனால் அங்கே சண்டை குறைவு. திருப்பிச் சொல்லும்போதே பாதிப் பேருக்குக் கோபம் தணிந்துவிடும்.

தன் எஜமானனைக் கொன்றவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடிக்கும் ஒரு வாள்வீரனின் தொடரைப் பற்றி நான் நான்கு பக்கம் எழுதினேன். ஒன்பதரை கொடுத்தேன். என் வாழ்நாளில் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. மறுநாள் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு பெண் பதில் எழுதினார். நாற்பது வயதிருக்கும், மீன்கடை நடத்துகிறவர். என் நான்கு பக்கத்தை மூன்று வரியில் திருப்பிச் சொன்னார். நான் எழுதியதைவிட அது நன்றாக இருந்தது. ‘சரியா சார்?’ என்றார். ‘மிகச் சரி’ என்று பெருமையோடு போட்டேன்.

அதன் பிறகு அவர் எழுதினார்: “அவன் வெட்டுன ஒவ்வொருத்தன் வீட்லயும் மறுநாள் புள்ளைங்க பசிக்கு அடுப்பு எரிஞ்சிருக்கணும்ல சார்? இருவத்தாறு பாகத்துல ஒருத்தர் வீட்டையும் காட்டல. அவன் கோவத்தைத் தவிர வேற எதையும் இந்தத் தொடர் பாக்கல. என் மார்க் அஞ்சு.”

சாயங்காலத்துக்குள் நாலைந்து பேர் தங்கள் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். டிராக்டர்காரர் எழுதினார்: “சாருக்கே அரியர் விழுந்துருச்சுங்கோவ்.” கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அந்த மீன்கடைப் பெண்ணும் ஒன்று போட்டிருந்தார்.

மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் அவர் எழுதவில்லை என்பது எனக்கு அன்றே தெரியும். ஆனால் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். மீன் விற்கிற வீட்டுப் பெண், எனக்கு மார்க் போடுகிறாளா? அப்படியேதான், அதே ஒருமையில்தான் நினைத்தேன்.

எங்கள் பக்கம் பகை தீர்க்க அரிவாள் வேண்டாம். வாய்க்கால் மடையில் நாலு மண்வெட்டி மண் போதும். அதையும் நடவு சமயத்தில் போடமாட்டார்கள். கதிர் பால் பிடிக்கும்வரை காத்திருப்பார்கள், அப்போது தண்ணீர் நின்றால் மொத்தமும் பதர். என் அப்பா தன் பெரியப்பா மகன் வயலுக்கு அப்படிச் செய்தார். எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தார் என்பதை வீட்டில் பெருமையாகச் சொல்லிக் கேட்டே வளர்ந்தேன். நானும் காத்திருந்தேன், ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் அவருடைய பதிவுகளைப் பாராட்டி எழுதினேன். ‘அருமைங்க’, ‘நல்ல பார்வைங்க’. ஒவ்வொரு முறை எழுதும்போதும் உள்ளே ஓர் இனிப்பு ஊறியது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். மனைவி போன பிறகு எனக்கு அவ்வளவு சுறுசுறுப்பான நாட்கள் வாய்க்கவில்லை.

தை மாதம் அறுவடை ஓய்ந்ததும் குழுவினர் மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடுவார்கள். அதிக மதிப்பெண் பெற்ற ஒரு படத்தைப் பெரிய திரையில் போடுவார்கள். வசனத்தை ஒருவர் மைக்கில் தமிழில் வாசிப்பார். அந்த வருடம் அந்தப் பெண் ஒரு படத்தை முன்மொழிந்தார். கடலுக்குப் போன மீனவன் திரும்பாத ஒரு வீட்டின் கதை. மனைவியும் சிறு மகளும் காத்திருக்கிறார்கள். அவர் எழுதியிருந்தார்: “பொழுது சாயுறப்ப அந்தத் தாய் தினமும் கரையில ஒரு விளக்கு ஏத்தி வைக்கிறா. அந்த ஒரு காட்சிக்கே பத்துக்குப் பத்து.”

கடைசியில் சில வரிகள் இருந்தன. தனக்கு ஏழு வயதில் அப்பா கடலில் போனார். அம்மா கூடை சுமந்து மீன் விற்று வளர்த்தார். அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. இப்போது சர்க்கரையால் கண் மங்கிக்கொண்டு வருகிறது, இந்தத் தையை விட்டால் அடுத்த தைவரை பார்வை இருக்குமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. “மண்டபத்துல தமிழ்ல வாசிச்சா அம்மாவுக்குப் புரியும். இந்த ஒரு படத்தை அம்மா கண்ணால பாத்துடணும். பாத்துட்டு மார்க் போடுங்க, புடிக்கலன்னா புடிக்கலன்னே போடுங்க.”

கதிர் பால் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

என் வீட்டில் பழைய போன்கள் இருந்தன. மகன் விட்டுப்போன எண்கள் இருந்தன. மனைவியின் எண்ணை நான் மூடவில்லை, மாதாமாதம் பணம் கட்டி உயிரோடு வைத்திருந்தேன். ஐந்து எண்களிலிருந்து ஐந்து புதிய ஆட்களைக் குழுவில் சேர்த்தேன். ஒருவர் உரக்கடைக்காரர், இன்னொருவர் கல்லூரி மாணவி. மனைவியின் எண்ணில் ஓர் இல்லத்தரசி. ஒவ்வொருவருக்கும் தனி நடை, தனி எழுத்துப்பிழை. ஆயிரக்கணக்கான விடைத்தாள் படித்தவனுக்கு அது பெரிய வேலையில்லை. படத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிடித்ததைப் பார்க்கக்கூட மனம் வரவில்லை. அவர் எழுதியதிலிருந்தே எடுத்து ஐவரையும் எழுதவைத்தேன். எனக்கு விவரமாகத் தெரிந்த காட்சி ஒன்றுதான். ஐவரும் விளக்கைப் பிடித்துக்கொண்டார்கள். செயற்கை என்றார் ஒருவர். கடற்காற்றில் விளக்கு எப்படி நிற்கும், அழவைக்கப் போட்ட காட்சி என்றார் இன்னொருவர். எல்லாம் ஒன்று, இரண்டு மதிப்பெண்.

அவர் ஐந்து பேருக்கும் பதில் எழுதினார். ஒவ்வொருவர் சொன்னதையும் நேர்மையாகத் திருப்பிச் சொன்னார். “காத்துல விளக்கு நிக்காது, அதனால அந்தக் காட்சி நம்புற மாதிரி இல்லன்னு சொல்றீங்க. சரியாங்க?” ஐந்து முறை ‘சரி’ என்று அழுத்தினேன். நான்காவது என் மனைவியின் போன். அதன் திரையில் எங்கள் அறுபதாம் கல்யாணப் படம் இருந்தது, திருக்கடையூரில் எடுத்தது. கட்டைவிரல் ஒரு கணம் நின்றது. பிறகு அழுத்தினேன்.

படம் தோற்றது. ஒரு பந்து விளையாட்டுப் படம் ஜெயித்தது.

தை மாதம் கூட்டத்துக்கு அவர் வந்திருந்தார், அம்மாவையும் அழைத்துக்கொண்டு. குள்ளமான, கறுத்த அம்மா. எல்லா முகத்தையும் ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பந்துப் படத்தில் பாதி நேரம் தூங்கினார். இடைவேளையில் டீ கொடுத்தார்கள். டிராக்டர்காரர் கப்போடு அந்தப் பெண்ணிடம் வந்தார்.

“அக்கா, உங்க படத்தைப் போன வாரந்தான் பாத்தேன். நல்லாருக்கு. ஆனா அதுல விளக்கே இல்லியேக்கா?”

அவர் சிரித்தார். “ஆமா தம்பி. ரெண்டாவது தடவ பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அந்தப் பொம்பள கரையில சும்மாதான் நிக்கிறா. விளக்கு எங்கம்மா வச்சது. நான் படத்துல சேத்துட்டேன்போல.”

“அப்ப அந்த அஞ்சு பேரும் எந்த விளக்கைப் பாத்தாங்க?”

நான் மூன்றடி தூரத்தில் வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தவறு ஒன்றாக இருந்தது. அவருடைய தவறு, என் ஐந்து ஆட்களின் தவறு.

“யாரோ பாக்காம போட்டுருக்காங்க,” என்றார் டிராக்டர்காரர்.

“எனக்கு அப்பவே தெரியும் தம்பி. போனாப் போவுது. டீ ஆறுது, குடி.” என் பக்கம் அவர் பார்க்கவில்லை. அல்லது பார்த்திருக்கலாம், நான் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மறுநாள் பகலில் அந்தப் படத்தைப் பார்த்தேன். விளக்கு இல்லை. கரையில் ஒரு பெண் நிற்கிறாள், அலை வருகிறது, அவ்வளவுதான். இரண்டு முறை பார்த்தேன். இரண்டாம் முறை பாதியில் நிறுத்திவிட்டுக் குழுவில் எழுதினேன். ஐந்து பேரும் நான்தான், படத்தைப் பார்க்கவில்லை, கோபத்தில் செய்தேன், மன்னிக்க வேண்டும் என்று.

 பிறகு அவர் பதில் வந்தது, குழுவின் முறைப்படியே.

“சார், எம்மேல இருந்த கோவத்துல, படம் பாக்காம, அஞ்சு பேரா வந்து எழுதுனேன்னு சொல்றீங்க. எங்கம்மாவுக்குக் கண்ணு போவப்போவுதுன்னு படிச்சுட்டுதான் செஞ்சீங்க. சரியா சார்?”

இரண்டாவது வாக்கியத்தை நான் எழுதியிருக்கவில்லை. இந்த முறையும் நான் எழுதியதைவிட அவர் சொன்னது சரியாக இருந்தது. ‘சரி’ என்று போட்டேன்.

திருப்பிச் சொன்ன பிறகு மறுப்பு வரவேண்டும். காத்திருந்தேன். வரவில்லை. குழு என்னை நீக்கவும் இல்லை. அடுத்த தையில் வாக்கு இல்லாமலே அவர் படத்தைப் போடுவது என்று மட்டும் முடிவு செய்தார்கள். ஒரு வருடம் முழுதும் அவர் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவர் மடையை அடைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். சில நாள் அந்த மௌனத்தின்மேல்கூட எனக்குப் பழைய கோபம் வந்தது என்றால் நம்புவீர்களா?

இந்தத் தையில் படம் போட்டார்கள். அந்த அம்மாவுக்கு வெளிச்சம் தெரிகிறது, உருவம் தெரியவில்லை. மகள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். எனக்கு அவர்களுக்கு நேர் பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது. வசனத்தை மைக்கில் வாசித்தார்கள். வசனம் இல்லாத இடங்களை மகள் அம்மாவின் காதில் சொன்னார். கரைக்காட்சி வந்தது. திரையில் அந்தப் பெண் வெறும் கையோடு நின்றாள்.

“இப்ப கரையில விளக்கு ஏத்தி வைக்கிறாம்மா,” என்றார் மகள்.

படம் முடிந்ததும் மதிப்பெண் எழுதச் சீட்டுகள் வந்தன. அம்மா தன் சீட்டைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினார். “பின்னாடி யாரு? செத்த எழுதிக் குடுங்க. ஆறு.”

“ஏம்மா, ஆறுதானா?” என்றார் மகள்.

“படம் நல்லாத்தான் இருக்கு. அந்த விளக்குதான் சும்மா. கடக்கரையில எந்த விளக்குடி நிக்கும்? நான் வச்சது வீட்டுக்குள்ள, அடுப்பு மேட்டுல. வெளிய வச்சா எண்ணெ தான் வீணு.”

மகள் அம்மாவின் பக்கம் குனிந்தார். பிறகு, “காத்துல விளக்கு நிக்காது, அதனால அது பொய்யின்னு சொல்ற. சரியாம்மா?” என்றார்.

“சரிதான்.”

“நான் ஒத்துக்கலம்மா. அன்னிக்கி அஞ்சு பேரு இதையேதான் சொன்னாங்க. அதையும் ஒத்துக்கல.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வருடமாக நான் காத்திருந்த மறுப்பு அது.

சீட்டு என் கையில் இருந்தது. ஆறு என்று எழுதினேன். மடியில் வைத்து எழுதியதில் அது பூஜ்யம் மாதிரி விழுந்தது. விடைத்தாளில் செய்வதுபோலப் பக்கத்தில் எழுத்தாலும் எழுதி, அந்த அம்மாவின் கையில் திருப்பிக் கொடுத்தேன்.