சுல்தானின் அக்காள் எங்கே போனாள்?

திருவிதாங்கூர் கொச்சியுடன் இணைந்தது 1949 ஜூலை முதல் தேதி. கோட்டைக்குப் பக்கத்து ஸ்ரீவராகம் வாசகசாலையில் நான் பேசியது அதற்கடுத்த கும்ப மாதம், அதாவது மாசி. தேதி சரியாக நினைவில்லை; வெள்ளிக்கிழமை என்பது நிச்சயம். பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்த சாயங்காலம் அது ஒன்றுதான். அதையும் நிறுத்திவிடுவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார்.

"ஆளே வராம எதுக்கு மாமி விளக்குப் போடணும்? இந்த வாரமும் பெஞ்சு காலின்னா ஆண்களுக்கே விட்டுடுவேன்."

வீட்டு வேலையை விட்டு நான் நிம்மதியாக உட்கார்ந்து படிக்க வேறு இடம் கிடையாது. தெருவில் வீடு வீடாகப் போய் அழைத்தேன். பெஞ்சு நிறைந்தது.

துருக்கி அரண்மனைக்கு அடிமையாக வந்து, சுல்தானின் ஆசைநாயகியாகி, பின்னர் சுல்தானின் தாயாக அந்தப்புரத்தையே ஆண்ட ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு. ஹிஜ்ரி ஆண்டுகளையெல்லாம் நம் ஊர்க் கொல்லம் ஆண்டுகளாக மாற்றி வைத்திருந்தேன். அவற்றை வரிசையாகச் சொல்லச் சொல்ல முன்பெஞ்சில் கொட்டாவி கிளம்பிற்று. எதிர்வீட்டு மாமி தீபாராதனைக்கு நேரமாச்சு என்று எழுந்தேவிட்டாள். பெண்கள் வெள்ளிக்கிழமை இதோடு சரி என்று நினைத்துக்கொண்டே, "அவள் பெற்ற பிள்ளைக்குப் பட்டம் கிடைத்தது" என்றேன்.

வாசல்வரை போன மாமி திரும்பினாள். "அதெப்படி? ராஜாவோட பிள்ளை ராஜாவாவானோ? மருமான்னா ஆகணும்!"

"ஏன், உங்காத்துல அப்பா சொத்து பிள்ளைக்குத்தானே?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"அது எங்காத்துல. ராஜா ஆத்துலயுமா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் மகாராஜாவின் மனைவி அம்மச்சி, ராணியல்ல. ராணி என்றால் அவருடைய தமக்கை அல்லது தங்கை. பட்டம் அவள் மகனுக்கு. கோட்டையைச் சுற்றியே வளர்ந்தவர்களுக்கு உலகத்து ராஜாக்கள் எல்லோரும் அப்படித்தான்.

ஆண்டுக்கணக்கை மூடி வைத்துவிட்டு அங்குள்ள வழக்கத்தைச் சொன்னேன். மகன் சுல்தானானால், பெற்றவள் அடிமையாக வந்தவளானாலும் அந்தப்புரத்துக்கு அவளே தலைவி. மகனின் பட்டம் பறிபோனால் பழைய அரண்மனைக்குப் பெட்டி கட்ட வேண்டும்.

"ஐயோ பாவம்!" என்றாள் சாஸ்தா கோயில் பக்கத்திலிருந்து வந்திருந்த மலையாளத்துத் தோழி. "நம்ம அம்மச்சிமாருக்கு அந்தப் பேடி, பயம் இல்லல்லோ. பட்டமும் வேண்டாம், பெட்டியும் கட்ட வேண்டா."

எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு மாமி சிரிக்கவில்லை. "அதிருக்கட்டும். சுல்தானோட அக்கா எங்கே போனா?"

"அதை நான் படிக்கலையே மாமி."

"முக்கியமானதை விட்டுட்டு வருஷத்தை மட்டும் படிச்சியாக்கும்!"

அவளே முன்பெஞ்சில் உட்கார்ந்து, அக்காளுக்காக வழக்காடத் தொடங்கினாள். பாதிப் பேர் அவள் கட்சி, மீதிப் பேர் அடிமைப் பெண்ணின் கட்சி. கதவைப் பூட்ட வந்த செயலாளர் நிலைப்படியில் நின்றார்.

"மாமா, செத்த இருங்கோ. அக்கா சமாசாரம் தீரலை" என்றாள் முன்பெஞ்சு மாமி.

அவர் நிறைந்த பெஞ்சுகளைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அக்காவைத் தள்ளி வெச்சுட்டு அந்த ராஜ்யம் எத்தனை நாள் நடந்தது?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமையை நிறுத்தும் பேச்சை அவர் அதன்பின் எடுக்கவேயில்லை.