கடைத் தரையில் விரித்த கோட்டு

"விலையைப் பாக்காதே. உனக்குப் பிடிச்சதை எடுத்துக்கோ" என்றார் என் கணவர். ஆபீசில் அவருக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்த மாதம் அது. எனக்கு வயலின் வாங்கித் தரக் கல்கத்தாவின் பெரிய வாத்தியக் கடைக்கு அழைத்துப் போயிருந்தார்.

கடைக்கார பாபு ஆறு வயலின்களை மேஜைமேல் வைத்தார். ஒவ்வொன்றையும் நின்றபடியே தாடைக்கடியில் வைத்து வாசித்தும் காட்டினார். எல்லாமே இனிமையாகத்தான் இருந்தன. நான் ஒன்றையும் தொடவில்லை. நம் வழக்கப்படி தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றினால்தானே எனக்குக் கை ஓடும்? துரைசானிகள் வந்துபோகும் கடையில் மடிசாரோடு தரையில் எப்படி உட்காருவது?

"ஒண்ணும் பிடிக்கலே, போகலாம்" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு பூட்ஸைக் கழற்றினார். புதுக் கோட்டையும் கழற்றித் தரையில் விரித்தார். கடையே பார்த்துக்கொண்டிருக்க, அதன் பக்கத்தில் தானும் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"வா, இப்ப வாசி."

ஆறையும் வாசித்துப் பார்த்து ஒன்றை எடுத்தேன். அதன் விலை இன்றுவரை எனக்குத் தெரியாது. டிராமில் வயலினை அவர் வைத்துக்கொண்டார். நான் அந்தக் கோட்டை மடியில் வைத்து, வீடு வரும்வரை தூசி தட்டிக்கொண்டே வந்தேன்.