தகப்பன் போட்ட நாலு

மன்னாரில் பதினொரு வருடம் கணிதம் படிப்பித்த மரியரட்ணம் ரொறன்ரோவில் பனி வழித்தார். மில்லிக்கன் பக்கத்து ஹொக்கி அரங்கு ஒன்றில், ஆட்ட இடைவேளைகளில் பெரிய இயந்திரமொன்றில் ஏறியிருந்து, ஸ்கேற்றுகள் கீறிக் கிழித்த பனியைச் சீவி, சுடுதண்ணீர் விட்டு, கண்ணாடி போல ஆக்கிக் கொடுப்பது அவருடைய வேலை. பேச்சு குறைவு. சிரிப்பு அதைவிடக் குறைவு. சீருடைச் சட்டைப் பையில் மட்டும் சிவப்புப் பேனா ஒன்று எப்போதும் குத்தியிருக்கும். அங்கே கூட்டித் துடைக்கிற அன்புராசாவுக்கு அது தீராத பகிடி.

“மாஸ்டர், பனிக்கும் பிழை திருத்துறியளோ?”

“நீ கூட்டின மூலையைப் போய்ப் பார். அதுக்குச் சைபர் போட்டாலே கூடிப்போகும்.”

முதல் வருடம், பக் என்கிற அந்தக் கறுத்த ரப்பர் வட்டு எங்கே போகிறதென்றே அவருடைய கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஏழாம் வருடம், பக் போகப்போகிற இடத்துக்குக் கண் முந்திப் போய் நின்றது. இயந்திரம் நிற்கிற கதவடியில் நின்றபடி ஆட்டங்களைப் பார்த்து, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் கொப்பியில் குறித்து வைப்பார். ‘இடப்பக்கம் திரும்பப் பயம்.’ ‘தாய் பார்க்க வந்தால் மட்டும் ஓடுவான்.’ பயிற்சியாளர் டன்கன் ஒருமுறை அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிறகு அடிக்கடி கேட்கத் தொடங்கினார்.

மகன் சீமோனை அந்தப் பனியில் இறக்கியதும் அவர்தான். அரங்கு திறக்குமுன், விடிய ஐந்தரை மணிக்கு, ஆளில்லாத தளத்தில் ஆறு வயதுப் பிள்ளை விழுந்து விழுந்து எழும்பியது. தூக்கிவிட அவர் ஒருநாளும் போகவில்லை. பதினாறு வயதில் சீமோன் வட்டார இளையோர் அணியின் தற்காப்பு வீரன். அணியில் ஒரே தமிழ்ப் பிள்ளை. “நல்லாய் விளையாடினாய்” என்ற வசனத்தைத் தகப்பனின் வாயிலிருந்து அவன் கேட்டதில்லை.

தொண்ணூற்றாறு மார்கழியில் சுலோவாக்கியாவிலிருந்து ஓர் இளையோர் அணி நட்பாட்டத்துக்கு வந்தது. பேர்தான் நட்பாட்டம். அன்றைக்கு ஆடும் இருபத்திரண்டு பேரில் பதினெட்டுப் பேருக்குத்தான் மாசியில் ஐரோப்பியப் பயணம். பார்வையாளர் வரிசையில் மூன்று பேர் தனித்தனியே இருந்து, ஒருவரோடு ஒருவர் கதைக்காமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்துக்கு மார்க் போடுவார்கள். மூன்றின் சராசரிதான் பட்டியல். அந்த மூவரில் ஒருவர் வருகிற வழியில், விட்பி என்ற ஊரில், பனிப்புயலுக்குள் அகப்பட்டுக்கொண்டார். டன்கன் தாளோடு இயந்திரக் கதவடிக்கு வந்தார்.

“ரட்ணம், நீ போய் இரு. உன் மகனின் வரியை மட்டும் வெறுமையாக விடு. அவனுக்கு மற்ற இரண்டு பேரின் மார்க் போதும்.”

அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

அன்றைக்கு சீமோன் ஆடியது போல அதற்கு முன் ஆடவில்லை. பின்பு ஆடவும் இல்லை. எதிரணியின் பத்தொன்பதாம் இலக்கக்காரன் வாசல்நிலை அளவுப் பெடியன். சீமோன் அவனை மூன்று முறை மோதாமலே மூலைக்குக் கொண்டுபோய்ப் பக்கைப் பறித்தான். கோலுக்கு நேரே வந்த அடியைக் கணுக்காலால் மறித்து, நொண்டிக்கொண்டே எழும்பி, வெற்றிக் கோலுக்கான பாஸையும் அவனே கொடுத்தான். மூன்றாம் பகுதியில் ஒரே ஒரு தடவை தான் மறிக்கவேண்டிய ஆளை விட்டுவிட்டான். அது ஒரு கோலாகியது. மூன்றுக்கு இரண்டு என்று வென்றார்கள். சுலோவாக்கியப் பயிற்சியாளரே வந்து அவனுடைய தோளில் தட்டினார்.

மரியரட்ணம் மனதுக்குள் எட்டுப் போட்டார். ஒன்பதுகூடப் போடலாம் என்று பட்டது.

மற்ற இருபத்தொரு வரியும் நிரம்பிவிட்டன. வெறும் வரியொன்று அவரைப் பார்த்தது. விட்டால், தகப்பன் பயந்து ஒதுங்கிவிட்டான் என்பார்கள். எட்டுப் போட்டால், தகப்பனல்லவா என்பார்கள். மன்னாரில் இதற்கு ஒரு வழி இருந்தது. தன் வகுப்பில் தன் பிள்ளை படித்தால் வாத்தியார் அதற்குக் குறைத்துத்தான் போடுவார். சனத்துக்கும் அது தெரியும். வாத்தியாரின் பிள்ளை நாற்பது எடுத்தால், ஊர் அதை எழுபது என்று வாசிக்கும். வாத்தியாருக்கும் பேர், பிள்ளைக்கும் நட்டமில்லை.

சிவப்புப் பேனாவால் நாலு என்று எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்தார். தாளைக் கொடுக்கும்போது அவருக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் அரங்கின் கதவில் பட்டியல் தொங்கியது. சீமோனின் பெயர் இல்லை. மரியரட்ணம் இரண்டு தரம் வாசித்துவிட்டு டன்கனின் அறைக்குப் போனார்.

“மற்ற இருவரும் அவனுக்கு எட்டு எட்டாகத்தான் போட்டார்கள்” என்றார் டன்கன். “உன்னுடைய நாலோடு பத்தொன்பதாம் இடம்.”

“என்னுடையதை எடுத்துவிடலாமே. வெறுமையாக விடச் சொன்னீர்கள்தானே?”

“சொன்னேன். அதனால்தான் யோசித்தேன். விடச் சொன்ன வரியில் ஒரு தகப்பன் வலியப் போய் நாலு போடுகிறான் என்றால், எங்களுக்குத் தெரியாத ஏதோ அவனுக்குத் தெரியும். முழங்காலா? குடிக்கிறானா? நான் கேட்கப்போவதில்லை. இப்படிப்பட்ட ஒருவனைக் கடல் தாண்டிக் கூட்டிப்போக எனக்குத் துணிவில்லை.”

“அப்படி ஒன்றும் இல்லை. அந்த நாலைக் கூட்டிப் பார்க்கவேண்டும்.”

“எதோடு கூட்டுவது?”

மரியரட்ணம் வாயைத் திறந்தார். பதினொரு வருடம் கடைசி வாங்கில் இருந்த பிள்ளைகளுக்கும் விளங்கவைத்தவருக்கு இதை எந்த மொழியிலும் சொல்லத் தெரியவில்லை. டன்கன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விமானச் சீட்டுக்குப் பெயர்கள் போய்விட்டன என்றார். போகும்போது, “நேர்மையான ஆள் நீ” என்று மெய்யாகவே பாராட்டினார்.

வெளியே அன்புராசா தும்புத்தடியோடு நின்றான். கதவு திறந்துதான் இருந்தது.

“மாஸ்டர், உந்தச் சுலோவாக்கியாக்காரர் ஆறு பேர் சேந்தும் உங்கடை பெடியனை விழுத்த ஏலாமல் போச்சு. நீங்கள் கதிரையிலை இருந்துகொண்டே விழுத்திப்போட்டியள்.”

அவர் இயந்திரத்தில் ஏறினார்.

தெரிவாகாத பிள்ளைகளுக்கு மார்க் தாளின் பிரதி கொடுப்பது அங்கத்தைய வழக்கம். அன்று பின்னேரம் குசினி மேசையில், தகப்பன் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், சீமோன் அதைக் கொண்டுவந்து வைத்தான். அவனுடைய கண் வீங்கியிருந்தது. தாய் செலீன் அடுப்படியில் நின்றாள்.

“அப்பா, இது உங்கடை ஹாண்ட்ரைட்டிங்தானே?”

“ஓம்.”

“நான் நாலோ?”

“மூண்டாம் பகுதியிலை உன்ரை ஆளை விட்டிட்டாய். நான் சொல்லியிருக்கிறன், பக்கைப் பாராதை, ஆளைப் பார் எண்டு.”

“ஒருக்கா! வன்ஸ், அப்பா! மற்ற ஆக்கள் எட்டுப் போட்டவை. அவைக்கு என்னைத் தெரியவும் தெரியாது.”

“தெரியாதவை போடலாம்.”

செலீன் அகப்பையைக் கீழே வைத்தாள். “இஞ்சேருங்கோ, உங்கடை வாத்தியார் வேலை மன்னாரோடை முடிஞ்சுது. அங்கை குறைச்சுப் போட்டால் சனம் கூட்டிப் பாக்கும். இஞ்சை ஆர் கூட்டுறது? பிள்ளையின்ரை முகத்தைப் பாத்து உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு மனசுக்கை ஒரு கணக்கு இருக்குது. எனக்குத் தெரியும்.”

சீமோன் தாயைப் பார்த்தான். பிறகு தகப்பனைப் பார்த்தான். அவனுடைய குரலில் இருந்த கோபம் இறங்கிவிட்டது. பயணம் போனது போய்விட்டதென்று அவனுக்கும் தெரியும். இப்போது அவனுக்கு வேண்டியிருந்தது வேறு.

“ஓகே. அப்ப சொல்லுங்கோ. கூட்டிச் சொல்லுங்கோ. வாட்ஸ் த ரியல் நம்பர்?”

எட்டு என்ற சொல் மரியரட்ணத்தின் தொண்டைவரை வந்தது. பெடியன் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது எட்டு என்று சொன்னால், பட்டியலில் இல்லாமல் போனதற்கு ஆறுதலாகச் சொன்னது போல ஆகிவிடும் என்று அவருக்குப் பட்டது. பிள்ளை தன் பிழையைத் திருத்தமாட்டான் என்றும் பட்டது. அவர் தண்ணீர் குடித்தார். சரியாக யோசித்தார்.

“ஆறரை” என்றார்.

சீமோன் சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு. தாளை மேசையிலேயே விட்டுவிட்டு மேலே ஏறிப் போனான். அறைக் கதவு சாத்திய சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை.

செலீன் வந்து அவர் முன்னாலிருந்த சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவத் தொடங்கினாள். அவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.