எல்லோரிடமும் போகிற பிள்ளை: புவனேஸ்வரிலிருந்து மோர்னிங்சைட் வரை

இந்த வலைப்பதிவில் நான் இதுவரை எழுதியதெல்லாம் போய்த் திரும்பிய பயணங்கள். எத்தனை மணிக்கு ஏறினோம், எத்தனை கிலோமீற்றர், எங்கே கோப்பி குடிக்கலாம் என்று எழுதிவிட்டு அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டுவேன். இந்தப் பயணத்தில் இரண்டு பேர் போய் மூன்று பேர் திரும்பினோம். என் பயணக் குறிப்புக் கொப்பியில் நேரமும் தூரமும் சரியாக இருக்கின்றன. மற்றதெல்லாம் குழப்பம். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் போவதற்கு முன் நான் தேடியபோது தமிழில் இப்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

எனக்கும் சுகந்திக்கும் கல்யாணமாகிப் பதினொரு வருடம். நான்கு வருடத்துக்கு முன் தத்தெடுக்க விண்ணப்பித்தோம். தத்தெடுப்பு அமைப்பிலிருந்து வந்து வீடு பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், பொலிஸ் சான்றிதழ், மருத்துவ அறிக்கை எல்லாம் கொடுத்தோம். இந்த வருடம் குளிர் குறையாத ஒரு நாளில், ஒடிசாவில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் பதின்மூன்று மாதப் பெண் குழந்தை எங்கள் பிள்ளை என்று உத்தரவு வந்தது. இல்லத்தில் அவளை மினி என்று கூப்பிட்டார்கள். நாங்களும் அதை மாற்றவில்லை.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிட வேண்டும். போவதற்கு முன் பெற்றோருக்கு இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். பிள்ளை வந்த முதல் சில வாரங்களுக்கு அவளைத் தூக்குவது, சாப்பாடு கொடுப்பது, நித்திரையாக்குவது எல்லாம் தாயும் தகப்பனும் மட்டும் என்றார்கள். சொந்தக்காரர் பார்க்கலாம், தூக்கக்கூடாது. நாங்கள் நல்ல பிள்ளைகள் மாதிரித் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினோம். ஏறியதும் சுகந்தி சிரித்தாள்.

"உது வெள்ளைக்காரருக்குச் சொல்லுறது. எங்கட ஆக்களிட்டைப் பிள்ளையைத் தொடாதேங்கோ எண்டால் பிறகு செத்த வீட்டுக்கும் வரமாட்டினம்."

நானும் ஓம் என்றேன். அதோடு அந்த விதியை இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.

ரொறன்ரோவிலிருந்து டெல்லிக்கு நேரடி விமானம், பதினான்கு மணி ஐந்து நிமிடம். அங்கே ஐந்து மணி நேரக் காத்திருப்பு, பிறகு புவனேஸ்வருக்கு இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். போய்வர இரண்டு பேருக்கும் 3,360 டொலர். மடியில் வைத்திருக்கும் பிள்ளைக்குத் திரும்பும் வழிக்கு மட்டும் 190 டொலர். தொட்டில் மாட்டக்கூடிய முன்வரிசையை முதலிலேயே கேட்டு வையுங்கள். நான் கேட்கவில்லை, என் மடி அதற்குப் பதில் சொன்னது.

ஹோட்டலிலிருந்து இல்லம் 27 கிலோமீற்றர், டாக்சிக்கு 900 ரூபாய், ஐம்பது நிமிடம். எங்களுக்கு ஒடியா தெரியாது, டிரைவருக்குத் தமிழ் தெரியாது. அரைகுறை ஆங்கிலத்தில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். சுகந்தி ஒன்று என்றாள், நான் அதே நேரத்தில் இல்லை என்றேன். அவர் கண்ணாடியில் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

காலை 11:20. ஒரு பராமரிப்புப் பெண் மினியைத் தூக்கி வந்தார். மஞ்சள் சட்டை, காதுக்குப் பின்னால் ஒரு மைப்பொட்டு. பிள்ளை எங்களைக் கண்டு கத்தப் போகிறாள் என்று வழி முழுக்கப் பயந்துகொண்டு வந்தோம். அவள் சுகந்தியைப் பார்த்தாள், சிரித்தாள், இரண்டு கையையும் நீட்டித் தாவினாள். நான்கு விநாடிகூட ஆகியிருக்காது. சுகந்தி நின்ற இடத்திலேயே அழுதாள். பிறகு நான் கை நீட்டினேன், அதே சிரிப்போடு என்னிடமும் வந்தாள். வெளியே வந்தபோது டிரைவர் கை நீட்டினார். அவரிடமும் அதே சிரிப்போடு போனாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

கடவுச்சீட்டுக்கும் விசாவுக்குமாகப் பத்தொன்பது நாள் அலைந்தோம். இதற்குப் பதினைந்து நாள் என்று யாராவது சொன்னால் மூன்று வாரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் மினி ஒருமுறைகூட எங்களைப் படுத்தவில்லை. பசித்தால் அழமாட்டாள், போத்தல் வரும்வரை மேலே பார்த்துக்கொண்டு கிடப்பாள். அறை துப்புரவாக்க வருகிற பெண் தூக்கினால் அவர் தோளில் சாய்வாள். சுகந்தி இதையெல்லாம் வீடியோ எடுத்து ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் தன் அக்கா வதனிக்கு அனுப்பினாள். அக்காவிடமிருந்து இதயம் இதயமாக வந்துகொண்டிருந்தது.

திரும்பும் நாளில் டெல்லி விமான நிலையத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. நடை பழகுகிறேன் என்று எழுந்த மினி தடக்கி விழுந்தாள். நெற்றி சிவந்துவிட்டது. சுகந்தி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இரண்டு பேரும் இரண்டடி தூரத்தில்தான் இருந்தோம். அவள் அழாமல் தவழ்ந்து போய் முன் இருக்கையிலிருந்த முன்பின் தெரியாத ஒருவருடைய காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவர் தூக்கியதும் சிரித்தாள். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஏன் என்று தெரியவில்லை, சுகந்தியிடமும் சொல்லவில்லை.

காலை 7:50க்கு ரொறன்ரோ வந்து இறங்கினோம். குடிவரவுப் பகுதியில் ஒரு மணி நாற்பது நிமிடம் போனது. வெளியே ஸ்ரௌவ்வில்லிலிருந்து ஒரு வான், ஒஷாவாவிலிருந்து ஒரு வான், பலூன்கள், பதினான்கு பேர். காரில் குழந்தை இருக்கைக்குப் போவதற்கு முன் மினி பதினொரு பேருடைய கையில் இருந்துவிட்டாள். ஒருவரிடமும் முகம் சுளிக்கவில்லை. வதனி அக்கா அவளை உச்சி மோந்துவிட்டு, "முகம் பாராத பிள்ளையடி. ஆரிட்டையும் போறா. நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்" என்றார். எங்கள் ஆட்களிடம் ஒரு பிள்ளைக்கு இதற்கு மேல் பாராட்டுக் கிடையாது. 401 நெடுஞ்சாலையில் எங்கள் வீடிருக்கும் மோர்னிங்சைட் வரை 39 கிலோமீற்றர், ஐம்பத்திரண்டு நிமிடம். நான் வழி முழுக்கச் சிரித்தபடி ஓட்டினேன்.

வாசலில் ஆலாத்தி எடுத்தார்கள். அடுத்த ஒன்பது நாளும் வீட்டில் சனம். ஒருவர் புட்டோடு வந்தால் அடுத்தவர் பிள்ளைக்குத் தங்கச் சங்கிலியோடு வந்தார். மினி மடிக்கு மடி போனாள். நான் தேநீர் போட்டேன்.

பத்தாம் நாள் எங்கள் சமூகப் பணியாளர் ஜெசிந்தா வந்தார். மன்னார்ப் பக்கத்துக் குடும்பம், ஏழு வயதில் இங்கே வந்தவர், நல்ல தமிழ் பேசுவார். அவர் உட்கார்ந்து ஒரு நிமிடம் ஆகவில்லை, மினி தவழ்ந்து போய் அவர் மடியில் ஏறிவிட்டாள். நான் பெருமையாக, "பாத்தீங்களோ, ஆரிட்டையும் போவா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பசித்தால் யாரைத் தேடுகிறாள் என்று கேட்டார். விழுந்தால் யாரிடம் வருகிறாள், நீங்கள் இரண்டு பேரும் அறையை விட்டுப் போனால் திரும்பிப் பார்க்கிறாளா என்று கேட்டார். சுகந்தி என்னைப் பார்த்தாள். எனக்கு டெல்லியில் பார்த்த அந்த மனிதருடைய கால் ஞாபகம் வந்தது.

"அண்ணா, குறை நினையாதேங்கோ" என்றார் ஜெசிந்தா. "ஆரிட்டையும் போற பிள்ளைக்கு இன்னும் ஆரும் இல்லை."

பிறகு விளங்கப்படுத்தினார். கைகள் மாறிக்கொண்டே இருந்த பிள்ளைக்கு எல்லாக் கையும் ஒன்றுதான். இந்த இரண்டு பேர்தான் தன் ஆட்கள் என்று அவள் படிக்க வேண்டும். படிக்காமலே வளர்ந்தால் பின்னால் மிகவும் கஷ்டம். எத்தனை நாளாகும் என்று கேட்டேன். எனக்குக் கேட்கத் தெரிந்தது அதுதான். பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும் என்றார். ஆறு வாரமாவது கதவைச் சாத்திக்கொண்டு இருங்கள் என்றார். வகுப்பில் நாங்கள் சிரித்த அதே விதி.

கொஞ்ச நாளைக்கு வீட்டுக்கு வர வேண்டாம் என்று குடும்ப வாட்ஸப் குழுவுக்கு நாலு வரி எழுத எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. அனுப்பி ஐந்து நிமிடத்தில் சுகந்திக்கு வதனி அக்காவின் அழைப்பு. "நாங்கள் என்ன பிறத்தியாரோ?" என்று ஒன்றுதான் கேட்டார். அதற்குப் பிறகு அக்கா சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு மணியை அடித்துவிட்டுப் போவார். நாங்கள் கதவைத் திறக்கும்போது கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருக்கும்.

அந்த வாரங்களைப் பற்றி உங்களுக்கு உதவியாக ஏதாவது எழுத விருப்பம். ஆனால் நாங்கள் செய்தது சரியா பிழையா என்று எங்களுக்கே தெரியவில்லை. மினி கண்ணாடிக் கதவடியில் நின்று தபால்காரரைப் பார்த்துச் சிரிப்பாள். பூங்காவில் யாராவது கொஞ்ச வந்தால் நான் தள்ளுவண்டியைக் களவெடுத்தவன் மாதிரித் திருப்பிக்கொண்டு போவேன். சனத்தோடு சந்தோசமாக இருந்த பிள்ளையை அடைத்து வைத்துவிட்டோமோ என்று சுகந்தி ஒருநாள் குசினியில் நின்று கேட்டாள். நான் ஏற்கெனவே கழுவிய போத்தலைத் திரும்பவும் கழுவினேன். ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம் வீட்டில் ஒரு சத்தம் கேட்டது. புகை எச்சரிக்கை மணி என்று நினைத்து ஓடினேன். மினி பசிக்கு அழுதுகொண்டிருந்தாள். அதுவரை அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டதில்லை.

ஐம்பத்து மூன்றாம் நாள், ஒரு வீடு, ஒரு மணி நேரம் என்று ஜெசிந்தா அனுமதித்தார். அக்கா வீட்டுக்கு மாக்கம் ரோட்டால் வடக்கே 31 கிலோமீற்றர், முப்பத்தெட்டு நிமிடம். ஸ்ரௌவ்வில்லின் புது வீடுகள் எல்லாம் ஒரே அச்சு, வழக்கம்போல முதலில் பிழையான வாசலில் நிறுத்தினேன். வதனி அக்கா கதவைத் திறந்தார். கேட்டுத் தூக்குகிற வழக்கம் எங்களிடம் இல்லை. சுகந்தி சப்பாத்தைக் கழற்றக் குனிந்த நேரம் அக்கா மினியைத் தூக்கிவிட்டார்.

மினி அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. தலையைத் திருப்பித் தேடினாள். உதடு பிதுங்கியது. பிறகு வீடு அதிர ஒரு கத்தல், இரண்டு கையும் சுகந்தியின் பக்கம். சுகந்தி வாங்கியதும் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்து, சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுகை நின்றது.

அக்கா வெறுங்கையோடு நின்றார். கண் கலங்கிவிட்டது. "என்னை மறந்திட்டாள்" என்றார். நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். சப்பாத்துகளுக்கு நடுவே நின்று நானும் அழுதுகொண்டிருந்தேன்.

"அக்கா, அவளுக்கு என்னைத் தெரியுது" என்றாள் சுகந்தி.

அக்கா சுகந்தியின் சட்டையைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கைகளைப் பார்த்தார். "அப்ப நீ விடாதை. வைச்சிரு" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனார். சோற்றைக் கறியோடு குழைத்துக் கொண்டு வந்து, கை ஒழியாத தன் தங்கைக்குத் தீத்திவிட்டார். சுகந்திக்கு நாற்பது வயது. வாயைத் திறந்தாள்.

இப்படிப் போக இருக்கிறவர்களுக்கு: சாப்பாடு கொண்டுவர வேண்டாம் என்று சொந்தக்காரருக்குச் சொல்லாதீர்கள், அது நிச்சயம் தேவைப்படும். தூக்கக்கூடாது என்பதை மட்டும் போவதற்கு முன்பே நேரில் போய்ச் சொல்லுங்கள், வாட்ஸப்பில் வேண்டாம். வகுப்பில் சொல்வதைக் கேளுங்கள். வேலையில் இரண்டு பேரும் விடுப்பு எடுக்க முடிந்தால் எடுங்கள். யாராவது உங்கள் பிள்ளை எல்லோரிடமும் போகிறாள் என்று புகழ்ந்தால் தேநீரைக் கொடுத்து அனுப்பிவிட்டு, உங்கள் பணியாளருக்கு அன்றே சொல்லுங்கள்.

என் பயணக் கொப்பியின் கடைசி வரி இது: "ஸ்ரௌவ்வில், பகல் 1:12. அம்மாவுக்காக அழுதாள்." எனக்காக அவள் இன்னும் அழவில்லை. நான் வெளியே போனால் கதவைப் பார்க்கிறாள் என்று சுகந்தி சொல்கிறாள், என்னைத் தேற்றச் சொல்கிறாளோ தெரியாது. அந்த வரிக்குக் கீழே நேரம் எழுத இடம் விட்டு வைத்திருக்கிறேன்.