பாவப் பலகை

என் கணவர் பட்டணத்தில் ஒரு துரையின் கம்பெனியில் குமாஸ்தா. காலையில் அம்பத்தூரில் ரயிலேறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். ஒருநாள் ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கத் துரையின் பங்களாவுக்குப் போயிருக்கிறார். அங்கே துரைசானி ஒரு பலகை நிறையப் படங்களையும் துணித்துண்டுகளையும் குத்தி வைத்துக்கொண்டு, அறையை எப்படி மாற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம். கையெழுத்து கிடைத்ததோ இல்லையோ, அந்த வியாதி இவருக்குத் தொற்றிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், ஓர் அறை என்றால் அதற்கு முதலில் ஒரு பாவம் வேண்டும், அதைப் பலகையில் ஒட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தார். முகபாவம் என்கிறோமே, அந்தப் பாவம். என் மாமியாருக்கு அது எப்படித் தெரியும்? அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா பாவம்டா? யாரு செஞ்சது?" என்று கேட்டார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தப் பலகைக்குப் பாவப் பலகை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பழைய அலமாரியின் பலகை ஒன்றைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். ஆபீசில் கழித்துப் போட்ட ஆங்கிலப் பத்திரிகைகளைச் சுமந்து வந்து, நாற்காலி, திரைச்சீலை, விளக்கு என்று வெட்டி வெட்டி ஒட்டினார். நாங்கள் கூடம் என்று சொல்லிவந்த இடம் ஹால் ஆயிற்று. பலகை ஓரத்தில் நீலம் கலந்த சுண்ணாம்பு ஒரு திட்டு, காவி ஒரு திட்டு. 'கம்பீரம்' வேண்டும் என்று என் அரக்குப் புடவை முந்தானையில் ஒரு சாண் போயிற்று. கட்டியவளுக்கு இல்லாத கம்பீரம் பலகைக்கு வந்து என்ன பயன் என்று கேட்டேன். உனக்கு ரசனை இல்லை என்றார். கஞ்சிப் பசையில் ஒட்டியதால், விடிந்து பார்த்தபோது படத்திலிருந்த சோபாவின் ஒரு காலைக் கரப்பான் தின்றிருந்தது. கரப்பானுக்கு ரசனை இருந்திருக்கிறது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எங்கள் அடுப்பங்கரையில் ஜன்னலும் கிடையாது, புகை போக வழியும் கிடையாது. மாமியார் அந்தப் புகையில்தான் முப்பது வருஷமாக வெந்துகொண்டிருந்தார். பகலிலும் கண் சிவந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும். நாலைந்து வருஷமாகவே ஆளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டிருந்தார். அந்தக் கண் அடியோடு போய்விடுமோ என்று எனக்குப் பயம். கூரையில் ஓடுகளைப் பிரித்து ஒரு புகைபோக்கி வைத்தால் போதும் என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது யுத்த காலம். ஆவடியில் மிலிட்டரிக் கட்டட வேலை மும்முரம். சுற்றுவட்டாரத்துக் கொத்தனார்களெல்லாம் அங்கேதான். கோவில்பதாகை ஊர்க் கொத்தனார் ஒருவர் மட்டும் பத்து நாள் வருவதாக ஒப்புக்கொண்டார். பத்து நாளில் ஒரு வேலைதான் ஆகும். ஹாலா, அடுப்பங்கரையா? நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முடித்துவிட்டார்.

"அடுப்பங்கரைய யார்டீ வந்து பாக்கப் போறாங்க?"

பெற்றவள் ஒருத்தி அங்கேதான் இருக்கிறாள், அவளையும் யாரும் பார்ப்பதில்லை என்று சொல்ல நாக்கு வரை வந்தது. மாமியார் என் கையைப் பிடித்து அழுத்தியதால் விழுங்கிக்கொண்டேன்.

கொத்தனார் வந்ததும் பலகையை அவர்முன் நிறுத்தி இவர் பிரசங்கம் தொடங்கினார். எல்லாப் படத்துக்கும் நடுநாயகமாக ஒன்று இருந்தது. சுவரோடு சேர்த்துக் கட்டிய வெள்ளைக்கல் மாடம், மேலே கடிகாரம், உள்ளே பூஜாடி. சாமி மாடத்தைப்போல நாலு மடங்கு பெரிய பூமாடம் என்று எங்களிடம் ஒரு வாரமாக விளக்கிக்கொண்டிருந்தார். கொத்தனார் முன்பு பூந்தமல்லியில் சோல்ஜர்கள் இருந்த பங்களாக்களில் பழுது பார்த்தவர். படத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இது அடுப்பாச்சே அய்யா. வெள்ளக்காரன் குளுருக்கு கட்டயப் போட்டு கொளுத்திகினு குந்துவான். வெய்ய காலத்துல பூ வெப்பான். மேல புகை போவ கூண்டு கட்டணும்."

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டு வேறு படம் காட்டியிருப்பார்கள். துரையிடம் வேலை பார்க்கும் குமாஸ்தா ஒரு கொத்தனாரிடம் தெரியாது என்று சொல்லலாமா? முகம் ஒரு நிமிஷம் செத்துப் பிழைத்தது. பிறகு கனைத்துக்கொண்டு, தெரியும், கூண்டோடு சேர்த்தே கட்டு என்றார். சித்திரை வெயிலில், முதுகில் வேர்வை ஊற்ற.

இவர் எதிரில் கேட்டால் காரியம் கெட்டுவிடும். இவர் ரயிலுக்குப் போனபிறகு, புகை நிஜமாகவே மேலே போகுமா என்று மட்டும் கொத்தனாரைக் கேட்டேன். நூல் பிடித்த மாதிரிப் போகும் என்றார்.

பத்தாம் நாள் வேலை முடிந்தது. ஹாலில் நெருப்பில்லாத இடத்தில் புகைபோக்கி, அடுப்பங்கரையில் புகைபோக்கி இல்லாத நெருப்பு. இவர் பூஜாடி வாங்கிவரச் சொல்லி யாருக்கோ எழுதியிருந்தார். அது வரும்வரை நான் ஏன் காத்திருக்க வேண்டும்? மறுநாள் அவர் தெருவைத் தாண்டியதும் மூன்று கல்லைத் தூக்கி வந்து அந்த மாடத்துக்குள் அடுப்பாகப் போட்டு நெருப்பு மூட்டினேன். மாமியார் பயந்தார், மகன் கத்துவான் என்றார். கத்தட்டும் அத்தே என்று அதன்முன் சமைக்க உட்காரவைத்தேன். கொத்தனார் பொய் சொல்லவில்லை, புகை நேராக மேலே போயிற்று. நாள் முழுக்க மாமியார் ஒரு தடவைகூடக் கண்ணைத் துடைக்கவில்லை.

அப்படியே அந்த வாரம் ஓடிற்று. இவர் வருமுன் கல்லை எடுத்துச் சாம்பலை வாரிவிடுவேன். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் என்பதை மறந்துபோனேன். பளீரென்ற பகலில் வாசலில் வந்து நின்றார். கம்பீரமான ஹாலில், பூமாடத்து அடுப்பின்முன் அவருடைய அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். இவர் மூச்சை இழுத்துக்கொண்டு கத்தத் தயாரானார். நானும் பதிலுக்குத் தயாராகத்தான் நின்றேன்.

மகன் குரலைக் கேட்காமலே மாமியார் தலையைத் தூக்கினார். கொஞ்ச நேரம் மகனையே பார்த்தார்.

"இன்னாடா, தல இப்பிடி நரச்சிப் போய்கீது? எப்போலேர்ந்து?"

இவர் தலை நரைத்து நாலு வருஷமாகிறது. செருப்போடு அங்கேயே நின்றார். பிறகு உள்ளே வந்து அம்மாவுக்கு எதிரில், அவருக்கு நன்றாகத் தெரிகிற வெளிச்சத்தில், தரையில் உட்கார்ந்தார்.